சிவப்புக் கார்டின் மானம்

கலா பிள்ளை,

சோறும் கணவாய்க் கறியும் மூடி வைத்திருக்கிறேன். என் கம்பியூட்டருக்கு நீ வாங்கித் தந்த சிவப்புக் கொம்பனிக் கிராபிக்ஸ் கார்டை நான் குறை சொன்னதற்காக முந்தநாள் தொடக்கம் கதைக்காமல் இருக்கிறாய். இரு. ஆனால் இதை வாசி.

புதுக் கேம் இன்று வந்துவிட்டது. போட்டிக்காரப் பச்சைக் கொம்பனி, கேம் ஓடத் தேவையான ட்ரைவர் மென்பொருளைக் காலையிலேயே விட்டுவிட்டது. எங்கள் கொம்பனி இன்னும் விடவில்லை; கேமைத் திறந்தால் திரை கறுப்பு. பச்சைக் கார்டுக்காரன் பிலிப்பு வாசல் படலையில் நின்று, "என்ன அண்ணை, உங்கடை சிவப்பு இன்னும் எழும்பேல்லையோ?" என்றான்.

"நேற்றே விளையாடி முடிச்சிட்டன். அது விட்ட சூட்டிலை ஒரு பாய் நிறையப் பனங்கிழங்குப் புழுக்கொடியலும் காஞ்சுது" என்று புளுகிவிட்டேன்.

பின்னேரம் பார்க்க வருகிறானாம்.

கம்பியூட்டருக்கும் படலைக்குமாக நடந்து கால் நிற்கவில்லை. சைக்கிளில் காங்கேசன்துறைப் பக்கம் போகிறேன். ட்ரைவர் வந்தால் உடனே ஏற்றிவிடு. உன் கார்டை நான் பழிக்கலாம், அவன் பழிக்கக்கூடாது.

அப்பா

பி.கு.: ட்ரைவர் வராவிட்டால், அவன் படலையைத் திறக்கும்போது மெயின் சுவிச்சை நிற்பாட்டிவிட்டு, கரண்ட் இல்லை என்று சொல்லு. பொய் இல்லை, இருக்காதுதானே.

இன்னொன்று: இவ்வளவும் செய்துவிட்டு, விருப்பமென்றால் நாளைக்கும் என்னோடு கதைக்காமல் இரு.