நீ போட்டுவிட்டுப் போன வரி

எங்களைக் கேட்காமல் நீ வரி போட்டாய். செத்துப்போனாய் என்பதற்காக அது சரியாகிவிடாது.

இன்று மத்தியானம், பல வருசத்துக்குப் பிறகு, அந்த இணைய விளையாட்டைத் திறந்தேன். என் பழைய பெட்டியில் கிடந்த பத்து மீனை நம் பட்டினத்துச் சந்தையில் விற்றேன். இரண்டு மீனின் விலை வரியாகப் போனது. ‘விற்பனை வரி இருபது வீதம்’ என்று திரையில் வந்தது. அதற்குக் கீழே, தலைவர் என்று உன் பெயர். தலைவரைத் தவிர வேறு எவராலும் அந்த எண்ணை மாற்ற முடியாது.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த இன்ரநெற் கபேயில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து கட்டிய பட்டினம் அது. நீ அடம்பனிலிருந்து பஸ்ஸில் வருவாய். போர் முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி, சொந்தக் காணியில் தறப்பாள் கொட்டில் போட்டு இருந்தீர்கள். நான் தீவுக்காரன். கடலில் இறங்க என் அப்பா ஆமிக்காரனிடம் பாஸ் காட்டிய காலம் அது. எந்த நிலத்தைப் பிடிப்பது, சந்தையை எங்கே வைப்பது என்று நாங்களே பேசி முடிவெடுத்த ஒரே இடம் அந்தத் திரைதான். எங்களுக்குள் பொறுமைசாலி நீ என்று உன்னைத் தலைவராக்கினோம்.

ஒரு சனிக்கிழமை மீன் விற்றேன். ஐந்தில் ஒரு பங்கைக் காணவில்லை. நீ அடுத்த கதிரையில்தான் இருந்தாய்.

“என்னடா இது?”

“மதில் இடியுது மச்சான். எல்லாரும் போட்டாத்தான் கட்டலாம். எங்கட ஊரில வாய்க்கால் துப்பரவாக்க வராதவன் கூலி குடுக்க வேணும், தெரியுமே?”

“எங்கட கரையில முதலாளி கூடைக்குள்ள கையை விட்டு அள்ளுவான். அவனும் இப்பிடித்தான் ஒரு நியாயம் சொல்லுவான்.”

“ஓம், நான் பெரிய முதலாளி. தறப்பாள் கொட்டில் முதலாளி.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

“ஆரைக் கேட்டனீ?”

நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கேட்டா ஓம் எண்டோ சொல்லப் போறியள்?”

அன்றே ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வேறு பட்டினத்துக்குப் போனேன். மூன்று கிழமை நாங்கள் கதைக்கவில்லை. நாலாவது கிழமை, பொழுதுபடும் நேரம், உயிலங்குளத்தடியில் நீ ஓட்டிவந்த உன் மாமாவின் மோட்டார் சைக்கிள் ரோட்டில் படுத்திருந்த மாட்டில் மோதியது. அந்தப் புது ரோட்டைத் திறக்க வந்தவர்கள் நாடா வெட்டி, படம் எடுத்துவிட்டுப் போனார்கள். விளக்குப் போட ஒருவரும் வரவில்லை. அந்த ரோட்டைப் பற்றியும் எங்களை எவரும் கேட்கவில்லை.

பட்டினத்தின் செலவுப் பட்டியலை இன்றுதான் பார்த்தேன். எடுத்த வரி முழுவதும் மதிலுக்கே போயிருக்கிறது. நீ களவெடுக்கவில்லை. ஆனாலும் நீ செய்தது பிழை. உங்கள் ஊரில் வாய்க்காலில் மண்வெட்டி வைக்க முதல் கமக்காரர் எல்லோரையும் கூட்டிக் கூட்டம் வைப்பார்கள். அதை எனக்குச் சொன்னவனே நீதான். வாய்க்காலைக் கொண்டுவந்தாய், கூட்டத்தை விட்டுவிட்டாய்.

போன மாதம் எங்கள் கரையில் மீனவர் சங்கத்தார் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். ஒவ்வொரு படகும் இறங்குதுறைக்கு ஒரு கூடை மீன் தர வேண்டுமாம். சங்கக் கூட்டத்தில் எழும்பி, “ஆரைக் கேட்டனீங்கள்?” என்றேன். “தம்பி, இரும்” என்றார்கள். நான் இருக்காமல் நின்றேன். நீ தட்டிக்கழித்த கேள்வி அது. இனி எவரையும் அதிலிருந்து தப்ப விடமாட்டேன். நீ இருந்திருந்தால் எனக்குப் பக்கத்தில் எழும்பியிருப்பாயா என்று எனக்குத் தெரியாது.

தலைவருக்கு மனுப் போட அந்த விளையாட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. நீ உயிரோடு இருந்த அந்த மூன்று கிழமையில் வரியைப் பற்றி நான் போட்ட மனு, ‘பதில் இல்லை’ என்ற குறிப்போடு அப்படியே கிடக்கிறது. அதற்குக் கீழே இன்று இன்னொன்று போட்டேன்:

வந்து கூட்டம் வை. எட்டுப் பேரையும் கூப்பிட்டுக் கேள். நான் ஓம் எண்டு சொல்லுறனோ இல்லையோ எண்டு அப்ப பார்.