முடிவுத் தேதி இல்லாத விரதம்

கிள்ளான்,
17.10.1993

அன்பு மகள் சந்திரகலாவுக்கு,

உன் அம்மாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் நலம். லீட்ஸில் குளிர் தொடங்கியிருக்கும், நீ கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் கடிதம் போன திங்கட்கிழமை கிடைத்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இரண்டாம் பக்கத்தை விட்டுவிட்டேன், பிறகு தனியாக உட்கார்ந்து அதை மட்டும் மூன்று முறை வாசித்தேன். ஆறு வருடம் பாலும் முட்டையும்கூடத் தொடாத வீகனாக இருந்து களைத்துப்போய் ஆகஸ்டிலிருந்து மறுபடியும் முட்டையும் சீஸும் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறாய், எனக்காக ஆரம்பித்தீர்கள், நீங்களும் தாராளமாக நிறுத்திவிடலாம் அப்பா என்றும் எழுதியிருக்கிறாய். நான் கோபப்படுவேன் என்று பயந்திருப்பது எழுத்திலேயே தெரிகிறது. எனக்குக் கோபப்பட வராது என்பது உனக்குத் தெரியாததா. ஆனால் நிறுத்துவது நீ நினைக்கிற அளவுக்குச் சுலபமாக இல்லை, அதை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

போன தீபாவளிக்கு வந்து திரும்பும்போது சுபாங் விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா ஒரே ஒரு வருஷம், எனக்காக, இறைச்சி மீன் முட்டை பால் தயிர் நெய் எதுவும் வேண்டாம் என்றாய். விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், மறுத்துப் பேச நேரமில்லை, சரி என்றேன். நேரம் இருந்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். மீனையும் இறைச்சியையும் விட்டதில் ஒரு சிரமமும் இல்லை, நம் தெருவில் கறியை விட்ட மனிதனை நல்லவன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பாலை விட்டவனை டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். முதல் வாரமே பக்கத்து வீட்டு பவுனம்மாள் ஒரு கிண்ணம் பாயசத்தோடு வந்து நின்றார். நீ சொல்லிக்கொடுத்த விளக்கத்தை நான் ஒரு தாளில் எழுதிப் பாடம் செய்து வைத்திருந்தேன், ஆனால் கிண்ணத்தை நீட்டியதும் எல்லாம் மறந்துபோய், விரதம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையில் வந்த வினைதான் இவ்வளவும்.

விரதம் என்று கேட்டால் நம்மவர்கள் உடனே இரண்டு கேள்வி கேட்கிறார்கள், எதற்கு, எப்போது முடிகிறது. முதலில் தைப்பூசத்துக்கு என்றேன். தைப்பூசமும் வந்து போனது, காவடி எடுத்தவர்கள் இரண்டாம் நாளே பாசாரில் கோழிக்கடை முன்னால் நின்றார்கள், நான் மட்டும் பாலில்லாத கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தேன். பவுனம்மாள் சில நாள் யோசித்து விடையைத் தானே கண்டுபிடித்தார். முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணமாகாத பெண்ணுக்காக அப்பா பாலையும் விட்டு ஒரு வருடம் கடும் விரதம் இருக்கிறாராம். தெருவே உருகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடு என்று உன் அம்மாவிடம் கெஞ்சினேன். அவுங்க நல்லதாத்தானே பேசுறாங்க, பொண்ணு கல்யாணத்துக்கு இத்தன வருஷமா நீங்க வேற என்னாதான் செஞ்சீங்க, இதையாச்சும் செஞ்சதா இருக்கட்டும்லா என்றாள். கோயிலில் தலைவர் கார்த்திகேசு தம் பக்கத்திலேயே, காற்றாடிக்குக் கீழே, எனக்கு ஒரு நாற்காலி போட வைத்தார். உன்னிடம் மறைப்பானேன், அது எனக்குப் பிடித்திருந்தது. நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தும் எனக்காக ஒருவர் எழுந்து நின்றது கிடையாது.

மனம் நொந்தவர் ஒருவர்தான், பால்காரர் கன்னையா. பக்கத்து ஊர் மேருவில் மாடு வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நம் தெருவுக்கு ஊற்றுகிறாரே, அவர்தான். எம் பாலுல தண்ணின்னு எந்தப் பய சொன்னான் ஐயா, வந்து கண்ணால பாருங்க என்று, நான் எவ்வளவு சமாதானம் சொல்லியும் கேட்காமல், ஒரு சனிக்கிழமை காலையில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பால் சுத்தமானதுதான். கறக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாயே இல்லை என்பதை இரண்டு முறை காட்டினார். கொட்டகை ஓரத்தில் ஒரு கன்று, அதன் வாயில் கம்பிக் கூடை கட்டியிருந்தது, தாய் நாலடி தள்ளி நின்றது. கழட்டுனா நமக்கு ஒரு சொட்டு மிஞ்சாது ஐயா, ஆனா பாருங்க புள்ள மாதிரி வளர்க்கிறேன் என்று அதன் நெற்றியைத் தடவினார். அது அவர் கையை நக்கப் பார்த்தது, கூடை இடித்தது. அவர் பொல்லாத மனிதர் இல்லை, என்னைத் திரும்பக் கொண்டுவந்து விடும்போது தலைக்கவசத்தை எனக்குக் கொடுத்துவிட்டுத் தாம் வெறுந்தலையோடு வந்தார். நீ கொடுத்த புத்தகத்திலும் இதெல்லாம் இருக்கிறது. வாசித்தபோது என்னால் அடுத்த பக்கத்தைத் திருப்ப முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் முதல் வாரத்தோடு ஒரு வருடம் முடிகிறது அல்லவா, பவுனம்மாள் நாளை எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். கோயில் கமிட்டி கூடி, என் பெயரில் விரத நிறைவுப் பூஜை வைக்க முடிவு செய்து, நோட்டீசும் அடித்துவிட்டது. ஐம்பத்து நான்கு பால்குடம். எல்லாப் பாலும் கன்னையா கொடுப்பது. கடைசியில் குருக்கள் ஒரு டம்ளர் பாலைத் தம் கையால் கொடுக்க, எல்லோரும் பார்க்க நான் குடித்து விரதத்தை முடிக்க வேண்டும். பாலை விட்டவனுக்குச் செய்கிற மரியாதையை வேறு எதைக் கொண்டு செய்வது என்று அவர்களுக்கும் தோன்றவில்லை போலும். இந்த நிலையில்தான் உன் கடிதம் வந்தது. அந்த ஒரு டம்ளரைக் குடித்துவிட்டால் கோயிலுக்குத் திருப்தி, அம்மாவுக்கு நிம்மதி, கன்னையாவுக்குக் கௌரவம், உனக்கும் குற்ற உணர்ச்சி தீரும். குடிக்க வேண்டாம் என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் பாக்கியில்லை. எதற்கும் பழகிப் பார்ப்போம் என்று செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் அரை டம்ளர் பால் கேட்டு வாங்கி முன்னால் வைத்துக்கொண்டேன். ஆடை கட்டுகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன், கை போகவில்லை. அம்மா வந்து பார்த்தாள், எடுத்துத் தானே குடித்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்றேன். தாளில் மூன்று வாக்கியம் எழுதியிருந்தேன், இது விரதம் அல்ல, என் மகள் கல்யாணத்துக்காகவும் அல்ல, ஆகவே முடிப்பதற்கு ஒன்றுமில்லை. அவசரத்தில் இரண்டாவதை முதலில் வாசித்துவிட்டேன். அப்ப எதுக்குங்க இத்தன நாளா காஞ்சு கெடந்தீங்க என்று பவுனம்மாள் அழுகிற குரலில் கேட்டார். கார்த்திகேசு, யார் சொல்லி இதைச் செய்தீர்கள் என்றார். உன் பெயரைச் சொல்லியிருக்கலாம், ஆனால் நீதான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டாயே. கன்றைப் பற்றிச் சொல்லலாம் என்றால் கன்னையா முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். பள்ளிக்கூடம் என் அப்பா சொல்லிப் போனது, வேலை மாமா சொல்லிச் சேர்ந்தது, கல்யாணம் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னது, கறியை விட்டது நீ சொல்லி. அறுபத்தெட்டு வயதில் அந்த வார்த்தையை முதல் முறையாகச் சொல்லியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது, கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

கமிட்டி அதிகம் கலங்கவில்லை. நோட்டீஸ் அடித்தாயிற்று, பாலுக்கும் சொல்லியாயிற்று என்பதால், என் பெயருக்கு மேல் காகிதத் துண்டு ஒட்டித் தலைவர் கார்த்திகேசுவின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அவரும் பூஜைவரை சைவமாக இருக்கச் சம்மதித்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக. என் நாற்காலி செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. உன் அம்மா மறுநாள் காலையில், சாமிக்கும் இல்ல, கல்யாணத்துக்கும் இல்லன்னா, நான் தெனமும் ரெண்டு கொழம்பு வைக்கிறது எதுக்கு என்று கேட்டாள். நியாயமான கேள்வி. என் சாப்பாட்டை இனி நானே சமைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நேற்று வைத்த சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது, முழுவதையும் நானே சாப்பிட வேண்டியதாயிற்று. இன்று அம்மா அடுப்படி வாசலில் நின்று, பருப்பு வேகுறதுக்கு முந்தியே புளிய ஊத்துனா விடியுற வரைக்கும் வேகாது என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை, மகளே. வேற்று ஊரில், தனி அறையில், ஒருத்தியாக ஆறு வருடம் தாக்குப்பிடித்தாய். நான் உன் அம்மா சமைத்துப் போட ஒரு வருடம் இருந்தவன், இனித் தனியாக எத்தனை நாள் ஓடும் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. டிசம்பரில் பந்திங் ஊரில் நம் சொந்தக்காரர் தம்புசாமி வீட்டுக் கல்யாணம், அங்கே வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு என்ன சொல்லப்போகிறேனோ தெரியவில்லை. ஆனாலும் நீ நிறுத்தியதற்காக நான் நிறுத்தவில்லை, நான் தொடர்வதற்காக நீயும் தொடர வேண்டாம். அடுத்த முறை வரும்போது உனக்குப் பிடித்ததைக் கூச்சப்படாமல் கேள், முட்டை வாங்கி வைக்க நானே பாசாருக்குப் போகிறேன்.

பனியில் நடக்கும்போது கவனம். நோய் நொடியில்லாமல், மனதுக்குப் பிடித்த வேலையும் துணையும் அமைந்து நீ நீடு வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. பாலும் மீனும் தொடாதவர்கள் பி12 வைட்டமின் மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார், இங்கே நான் கேட்ட இரண்டு மருந்துக்கடையிலும் இல்லை. உன் அலமாரியில் மிச்சம் இருக்கும், திறந்த புட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, உனக்கு இனி அது வேண்டியதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் எனக்கு அனுப்பிவை.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
வேலாயுதம்