ஆட்டம் முடியும்வரை மறைக்கப்பட்ட மரணச் செய்தி

அனுப்புநர்:
தேசிய அணியின் இடது முன்கள ஆட்டக்காரர்,
தொழில்: லிஃப்ட் மெக்கானிக்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
கால்பந்துச் சம்மேளனம்.

பொருள்: சர்வதேசப் போட்டியின்போது என் தந்தை இறந்த செய்தியை அணி மேலாளர் மறைத்தது – விசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்களைப்போல் வேலை பார்த்துக்கொண்டே விளையாடும் தேசிய அணிகளுக்காகச் சென்ற மாதம் வெளிநாட்டில் நடந்த போட்டியில் கலந்துகொண்டேன். புறப்படும்போது என் தந்தைக்கு மூச்சிரைப்பு இருந்தது. தயங்கி நின்ற என்னை, "போயிட்டு வாடா, நான் எங்க ஓடிடப் போறேன்" என்று அவரே சிரித்து அனுப்பினார்.

2. விடுதியில் கால் வைத்ததும், கவனம் சிதறக் கூடாதென்று மேலாளர் எங்கள் கைபேசிகளை வாங்கிப் பையில் போட்டுப் பூட்டினார். காலிறுதி ஆட்டத்தன்று விடியற்காலை தந்தை காலமானார். என் மனைவி மேலாளரை அழைத்துச் சொல்லியிருக்கிறாள். "பக்குவமா நானே சொல்லிடறேம்மா, நீங்க வைங்க" என்றிருக்கிறார். அவர் சொல்லியிருப்பார் என்றே வீட்டில் அனைவரும் நம்பினர்.

3. அவர் சொல்லவில்லை. காலை உணவின்போது என் அருகில் வந்தமர்ந்து, தன் தட்டிலிருந்த முட்டையை எனக்கு வைத்து, "நல்லா சாப்பிடு" என்று முதுகைத் தடவினார். அதுவரை எனக்கு முகம் கொடுத்துப் பேசியறியாதவர். அணியில் என் இடம் உறுதியாகிவிட்டது என்று மகிழ்ந்துபோனேன். இதை எழுதவே கூசுகிறது, ஐயா.

4. அன்று வெற்றிக் கோலை அடித்தது நான். பனியனைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றி ஆடினேன். அந்நேரம் எங்கள் வீட்டில், நான் வருவேன் என்று அடக்கத்தைத் தள்ளிவைத்துக் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடியிருக்கிறது. துக்கத்துக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "அப்பன் நடுவீட்டுல கிடக்கான், பிள்ளை அங்க ஆட்டம் போடறான்" என்று என் அண்ணன் காதுபடச் சொன்னாராம். அண்ணன் எழுந்து, "இனி யாருக்கும் காத்திருக்க வேணாம், தூக்குங்க" என்றாராம்.

5. அரையிறுதியில் தோற்று விமான நிலையம் செல்லும் பேருந்தில்தான் கைபேசிகள் திரும்பக் கிடைத்தன. ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று குறுஞ்செய்திகள் வந்துகொண்டே இருந்தன. வேறு யாருக்கோ வந்தவை என்றுதான் முதலில் நினைத்தேன். மேலாளரிடம் போய்க் கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான்ப்பா. தெரிஞ்சா ஆடியிருப்பியா?" என்றார். ஆடியிருக்க மாட்டேன், ஐயா. அதை முடிவு செய்யவேண்டியவன் நானல்லவா?

6. வீட்டில் அண்ணன்தான் கதவைத் திறந்தார். பிறந்ததிலிருந்து என்னை 'டா' போட்டே கூப்பிட்டவர், "வாங்க, உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கை நீட்டி அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குத் தெரியாது என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை.

ஆகவே மேலாளர்மீது விசாரணை நடத்தவும், இனி எந்த ஆட்டக்காரருக்கும் வீட்டிலிருந்து வரும் செய்தி உடனே போய்ச் சேர ஆணையிடவும் பணிவுடன் வேண்டுகிறேன். விசாரணை நாளில் என் அண்ணனையும் வரவழைத்து, நடந்ததை மேலாளர் தன் வாயால் சொல்ல அவர் கேட்கும்படி செய்யுங்கள். நான் கூப்பிட்டால் வர மாட்டார். தாங்கள் அழைத்தால் வருவார்.

இடம்: லிஃப்ட் பணிமனை
நாள்: ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை

தங்கள் அணியில் ஆடியவன்,
(ஒப்பம்)