வெள்ளைத்தாய் இறந்த நேரம்

அன்பு மகள் தஸ்னீமுக்கு உம்மாவின் ஸலாம். அந்தக் குளிரில் அல்லாஹ் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே வாப்பாவும் நானும் சுகம், உன் தம்பி வாசிம் உயிரோடு இருக்கிறான், அதற்கே அல்ஹம்துலில்லாஹ். போனில் பேசினால் அழுது தொலைப்பேன், அதனால்தான் எழுதுகிறேன், வாப்பா படம் பிடித்து அனுப்புவார்.

படிப்பு முடிந்தது, கனடாவிலேயே காலேஜில் பாடம் நடத்தலாம், இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவி இருக்கிறது, அரசாங்கத்தில் சுகாதாரத் திட்டம் போடுகிற வேலையும் இருக்கிறது, இல்லையென்றால் வாசிம் வேலை பார்க்கும் நம்மூர் ஆஸ்பத்திரி நிர்வாகியாகக் கூப்பிடுகிறது, எதற்குப் போகட்டும் என்று கேட்டிருந்தாய். தெருவில் பாதிப் பேர் மூட்டுவலிக்கு ஊசி போட நீ வரப்போவதாக நினைக்கிறார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரியை நடத்தப் படித்த டாக்டர் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. போன வாரம் கேட்டிருந்தால் ஓடி வா என்றிருப்பேன். இப்போது நடந்ததைக் கேள்.

வெள்ளிக்கிழமை, கடம்பூர் பக்கம் ஆடு மேய்க்கிற வெள்ளைத்தாய் என்கிற அம்மாவைப் பாம்பு கடித்து நம்மூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. அந்த ஆஸ்பத்திரியில் சாவை யாரும் வாயால் சொல்வதில்லை. உள்ளேயிருந்து கை காட்டுவார்கள், வரவேற்பு மேசையில் இருக்கிறவன் நாடி இருக்கு, உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்க என்று வண்டியில் ஏற்றிவிட வேண்டும், சாவு வழியில் நடந்ததாகிவிடும். அன்றைக்கு மேசையில் இருந்தவன் நம் வாசிம். கயத்தாறில் வண்டியை நிறுத்திக் காட்டியபோது, தொட்டுப் பார்த்த வேறொரு டாக்டர், இது எப்பவோ முடிஞ்சுபோச்சே என்று சொல்லிவிட்டார். பிணத்தோடு திரும்பி வந்தார்கள்.

வாசிமுக்குச் சோறு கொண்டுபோன நான் அங்கேதான் இருந்தேன். முதலில் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. கம்பும் கல்லும் அரிவாளுமாகப் பாய்ந்தார்கள். நர்ஸ் பிள்ளைகள் கழிப்பறைக்குள் பூட்டிக்கொண்டார்கள், டாக்டர் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார். ஒருவன் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியைப் பிடுங்கி வாசிமின் மண்டையில் அடித்தான். விழுந்தவனை நெஞ்சில் மிதித்தார்கள், காது கிழிந்து தொங்கியது. வெள்ளைத்தாயின் மகன் பூவனலிங்கம் அவன் முடியைப் பிடித்துத் தூக்கிக் கழுத்தில் அரிவாளை வைத்து, எங்க ஆத்தா பொணத்துக்கு நாடி இருக்குன்னு யாருலே சொல்லச் சொன்னது என்று கேட்டான். வாசிம் யார் பெயரைச் சொல்வான்? அவனுக்கு முன்னால் அந்த மேசையில் வேலை பார்த்தவன் சொல்லிவந்ததைத்தான் அவனும் சொன்னான். நான் செருப்பைக் கழற்றிப் பூவனலிங்கம் முகத்தில் அறைந்தேன், அரிவாள் பிடித்த கையைக் கடித்தேன், வாயெல்லாம் அவன் ரத்தம். போலீஸ் வராவிட்டால் அவனோ நானோ செத்திருப்போம். வாசிமுக்கு இன்னும் அந்தக் காது கேட்கவில்லை.

பெயர் கெட்டுவிடும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேஸை அமுக்கிவிட்டார்கள். நேற்று அந்தப் படுபாவி பூவனலிங்கம் நம் வாசலில் வந்து நின்றான். வெட்ட வந்திருக்கிறான் என்று அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் கட்டுப்போட்ட கையால் கும்பிட்டான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. யம்மா, எங்க ஆத்தா உசுரு எந்நேரத்துக்குப் போச்சு, அன்னைக்கு மத்தியானம் நட்சத்திரம் மாறுது, முந்திப் போயிருந்தா அடைப்பு கிடையாது, பிந்திப் போயிருந்தா வீட்ட அடைச்சுப் போடணும், ஆஸ்பத்திரியில ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ என்றான். ஆகாத நட்சத்திரத்தில் இறந்தால் பிணம் கிடந்த அறையை அவர்கள் மாதக்கணக்கில் பூட்டி வைப்பார்கள், உனக்குத் தெரியுமே. அவனுக்கு இருப்பதே ஒற்றை அறை, வீட்டில் கைக்குழந்தை. உள்ளே படுத்திருந்த வாசிம், எனக்குத் தெரியாது அண்ணாச்சி, எங்கிட்டயும் யாரும் சொல்லல என்று அழுதான். வந்தவன் திரும்பிப் போய்விட்டான்.

அவனை வெட்டிப்போடுகிற ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. கண்காணாத இடத்தில் பத்திரமாக ஒரு வேலையைப் பார், இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், வாப்பா சொல்வதும் அதுதான். ஆனால் ஒரு மகன் தன் தாய் எப்போது செத்தாள் என்று கேட்கிறான், அத்தனை பெரிய கட்டிடத்தில் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. நீ படித்த படிப்பு அதற்கு இல்லையென்றால் வேறு எதற்கு? வந்தால், சாவை நீயே வெளியில் வந்து, அவர்கள் முகத்தைப் பார்த்து, நேரத்தோடு சொல்ல வேண்டும். அப்போதும் அரிவாள் வரலாம்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். பசியோடு முடிவெடுக்காதே, சாப்பிட்டுவிட்டு யோசி. நேரம் தெரியாமலே பூவனலிங்கம் வீட்டை அடைத்துவிட்டானாம், பிள்ளையோடு ஆட்டுக்கொட்டிலில் கிடக்கிறார்களாம்.

உன் உம்மா,
பாத்திமுத்து