சித்தியவான் அக்கா வாங்காத பூ

கியா பார்ம்
12.8.1983

அன்புள்ள அப்பாவுக்கு, நவமணி வணக்கத்தோட எழுதுறது. நான் சுகம். உங்க முட்டி வலி குறைஞ்சிருச்சா? அம்மா மாத்திரையை மறக்காம சாப்பிடுறாங்களா?

பூக்கடையில எனக்கு இப்ப வாய் திறந்திருச்சுப்பா. முதல் மாசம் கார் வந்து நின்னாலே உள்ளே போய் ஒளிஞ்சுக்குவேன். "எத்தனை கட்டு வேணும்னு கேளும்மா, யாரும் அடிக்க மாட்டாங்க லா"ன்னு முருகையா முதலாளி சொல்லிச் சொல்லித்தான் தைரியம் வந்துச்சு. இப்ப யார் வந்தாலும் கேட்டு வித்துடுறேன்.

போன சனிக்கிழமை மட்டும் திட்டு வாங்கினேன். நம்ம சித்தியவான்லேருந்து ஒரு அக்கா வந்தாங்க. ரெண்டு கட்டு செவந்தியைக் கையில எடுத்துட்டு மூணு தடவை விலை கேட்டாங்க. நான் விலையைச் சொல்லாம, நம்ம ஊர் மார்க்கெட்டைப் பத்தியும் கோயிலைப் பத்தியும் கேட்டுக்கிட்டே இருந்தேன். அவங்க வீட்டுக்காரர் காரிலிருந்து ஹார்ன் அடிச்சதும் பூவை வச்சுட்டுப் போயிட்டாங்க.

"இன்னும் பயமா?"ன்னார் முதலாளி. ஆமான்னுட்டேன். பயமில்லப்பா. காசு கொடுத்துட்டா அவங்க கிளம்பிடுவாங்கல்ல.

அம்மா இடிச்ச மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்க. டவுனுக்குப் போற லோரி வந்திருச்சு, இதைக் கொடுத்தனுப்பணும். போன தடவை மாதிரி நாலே வரியில "மற்றவை நேரில்"னு முடிச்சிடாதீங்கப்பா.

நவமணி