உன் பெயருக்குப் பிறகு

மச்சான்,

தேநீர்க்கடை வானொலியில் ஒரு கிராமத்துப் பாட்டுப் போகிறது. கடல், தோணி, கொலுசு போட்ட மீனவப் பெண், எல்லாம் இருக்கின்றன. நீ இருந்தால், "இதில மீன் வெடுக்கு மணமே இல்லையடா" என்று முகத்தைச் சுளித்திருப்பாய். எனக்கோ அது காதில் ஏறவில்லை. அடுத்தது உன் பாட்டாம்.

இடம்பெயர்ந்துபோய் மீளக் குடியேறிய வருடம் எங்கள் ஊர்க் கீரிக் கடற்கரையில் வலை இழுக்கையில் நீ கட்டிய பாட்டு. தகரக் கொட்டில், உவர்க் கிணறு, கடலுக்குப் போக ஆமிக்காரரிடம் காத்துநின்று எடுத்த அனுமதிப் பாஸ் எல்லாம் அதில் வரும். நீ ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாய். அவன் "ஏலேலோ" என்பான், எல்லோரும் கயிற்றை இழுப்போம். ஒருநாள், எங்களோடு திரும்பி வராதவர்களின் பெயர்களையும் கூப்பிட்டாய். பதில் இல்லை. வாய் திறக்காமல் இழுத்தோம்.

"உசிரோட இருக்கிற எங்களுக்கே ரேடியோவில இடமில்லை. இல்லாமப்போன ஆக்களுக்கும் எங்கட பாட்டில இடமிருக்கு" என்றாய்.

போன மாரிகாலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. போன கிழமை, நாங்கள் வலை இழுக்கையிலேயே உன் பாட்டைப் பதிய வானொலிக்காரர் கரைக்கு வந்தார்கள்.

"அண்ணை, பதில் வராத இடங்களைச் சும்மா வெறுமையா விடேலாது. ஆக்கள் வேற ரேடியோவுக்கு மாத்திப்போடுவினம். அந்த இடமெல்லாம் நான் கீபோர்ட் அடிக்கிறன்" என்றான் இசைக்காரப் பொடியன்.

எனக்கு ஏறின கோபத்துக்கு அந்தக் கீபோர்ட்டைத் தூக்கிக் கடலில் எறிந்திருப்பேன். ஆனால் உன் மனிசி முதல்நாளே வந்து கெஞ்சியிருந்தாள்: "எப்பிடியெண்டாலும் அவரின்ர பாட்டு ரேடியோவில வரட்டும் அண்ணை. சண்டை பிடிச்சுக் கெடுத்துப்போடாதேங்கோ."

பல்லைக் கடித்துக்கொண்டு பாடினேன். வராதவர்களின் பெயர் ஒவ்வொன்றுக்கும் பிறகு கீபோர்ட் குழைந்தது. காது கூசியது. கடைசியில் முதல் தடவையாக உன் பெயரைக் கூப்பிட்டேன். பொடியன் விரலை வைக்கப்போனான். பக்கத்தில் நின்ற உன் மனிசி அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

"பொறுங்கோ தம்பி. இது அவரின்ர முறை."

சத்தமில்லாமல் கயிறு வந்தது. அலை மட்டும் கேட்டது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

அந்த இடத்தை வெட்டாமல் போடுவார்களா, பிறகு அதில் ஏதாவது ஒட்டிவிட்டார்களா, தெரியவில்லை. ஐயோ, விளம்பரம் முடிகிறது. கடைக்காரரிடம் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறேன் மச்சான். வெட்டினால் வெட்டட்டும். நாளைக் காலையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைக் கூப்பிடுவேன். பிறகு வாயை மூடிக்கொண்டு இழுப்பேன்.