பேப்பர் கப்

ஞாயிறு இரவு.

இன்று தில்லைநகரில் என் காமெடி ஷோ. முன் வரிசையில் கல்லூரித் தோழி ரமா. அவளைப் பார்த்ததும் பேப்பர் கப் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை.

கல்லூரி நாட்களில் ஒருமுறை ஸ்ரீரங்கத்தில் ரமா வீட்டுக்குப் போனபோது, அவள் அம்மா என்னிடம் எந்தத் தெரு என்று கேட்டார். பிறகு எல்லோருக்கும் டபராவில் காபி. எனக்கு மட்டும் பேப்பர் கப். மறுநாள் கேன்டீனில் நடித்துக் காட்டினேன்.

"அவங்களுக்கெல்லாம் பழைய டபராங்க. எனக்கு மட்டும்தான் யாரும் வாய் வைக்காத புதுக் கப்பு."

மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தவள் ரமாதான். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் ஒரு கதையோடு கல்லூரிக்குப் போவேன்.

ஷோ முடிந்ததும் கேட்டாள். "எங்காத்துக் காபியை ஏன்டி சொல்லலை? அதைக் கேக்கட்டும்னுதான் அம்மாவை அழைச்சிண்டு வந்தேன்."

மறந்துவிட்டேன் என்றேன்.

அவள் அம்மா என் கையைப் பிடித்து, "நன்னாப் பேசினேம்மா" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. அதுதான் தூங்க விடவில்லை.